ஜேம்ஸ் ஆற்றங்கரையில் எடுத்த விசிறிச் சிப்பிகள்: முகட்டை எண்ணினால் போதுமா?

#1 கடலோரி

போன மாதம் வர்ஜீனியாவில் ஜேம்ஸ் ஆற்றின் தென்கரையில் ஒரு நாள் முழுக்க அலைந்தேன். கரையை ஒட்டி மண்சுவர் போல உயர்ந்து நிற்கும் மேடு, அதன் வயிற்றில் வரிசை வரிசையாகப் புதைபடிவச் சிப்பிகள், மழையிலும் அலையிலும் உதிர்ந்தவை கீழே மணலில் கிடக்கின்றன. நிலத்துக்காரரிடம் கேட்டுவிட்டுத்தான் எடுத்தேன், அதற்காக யாரும் சண்டைக்கு வரவேண்டாம்.

வீட்டுக்கு வந்து கழுவிப் பார்த்ததில் நான்கு தேறின. படங்களையும் போட்டிருக்கிறேன்.

அ: பெரியது. மூக்கிலிருந்து (ஓடு வளரத் தொடங்கிய கூர்நுனி) விளிம்பு வரை 118 மி.மீ. 10 முகடுகள் (விசிறி மடிப்பு மாதிரி விரியும் வரம்புகள்). கரையில் உருண்டு கொஞ்சம் தேய்ந்திருக்கிறது.
ஆ: 14 முகடுகள். ஒரு பக்கத்துக் காது உடைந்துவிட்டது.
இ: 92 மி.மீ., 9 முகடுகள், முழுசாக இருக்கிறது. உள்ளே மண் இறுகிப் போயிருந்ததால் இதை மட்டும் இன்னும் கழுவவில்லை.
ஈ: தட்டையான மெல்லிய துண்டு, முகடே இல்லை, கீறல் மாதிரி நுண்ணிய கோடுகள் மட்டும்.

படித்த வரைக்கும், செசபெக்டன் என்ற அழிந்துபோன விசிறிச் சிப்பிப் பேரினத்தில் 9 முதல் 12 முகடு இருந்தால் செசபெக்டன் ஜெஃபர்சோனியஸ், அதற்கு மேல் போனால் செசபெக்டன் மாடிசோனியஸ். ஆக அ, இ இரண்டும் ஜெஃபர்சோனியஸ், ஆ மாடிசோனியஸ், ஈ என்னவென்று தெரியவில்லை. இப்படியே அட்டை எழுதி ஒட்டிவிடலாமா?

#2 சும்மாவந்தவன்

ஒட்டிவிடுங்கள். வர்ஜீனியா, பெரிய விசிறிச் சிப்பி, பத்து முகடு. அந்த மாநிலத்தின் அதிகாரபூர்வப் புதைபடிவமே அதுதான், 1993இல் அறிவித்தார்கள். இதற்கு எதற்கு ஒரு விவாத இழை?

#3 ஓட்டாண்டி

பொறுங்கள், ஒட்டவேண்டாம்.

முகடு எண்ணுவது கடைசியில் செய்யவேண்டிய வேலை. எல்லோரும் அதிலிருந்தே தொடங்குகிறார்கள், எண்ணுவது சுலபம் என்பதால். முதல் கேள்வி வேறு: ஒவ்வொன்றும் வலது ஓடா, இடது ஓடா? உங்கள் பதிவில் அந்தச் சொல்லே இல்லை.

எப்படிப் பார்ப்பது என்றால், சிப்பியின் மூக்கை மேலே வைத்து, முகடுகள் உங்களைப் பார்க்கும்படி பிடியுங்கள். மூக்கின் இரண்டு பக்கமும் முக்கோணமாக நீள்வதுதான் காது. வலது ஓடாக இருந்தால் உங்கள் வலக்கைப் பக்கத்துக் காதுக்கு (முன்காது) அடியில், காதும் ஓட்டின் உடம்பும் சேருமிடத்தில், ஒரு வெட்டு தெரியும். விலங்கு தன் பைசஸ் நூலை வெளியே விட்டு எதையாவது பற்றிக்கொள்ள வைத்திருந்த வாசல் அது. இடது ஓட்டில் அந்த இடம் இலேசாக வளைந்திருக்கும், வெட்டு என்று சொல்ல முடியாது.

செசபெக்டன் குடும்பத்துக்குள் ஒன்றிலிருந்து இன்னொன்றைப் பிரிப்பதில் அந்த வெட்டுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. உங்கள் ‘ஆ’வில் எந்தக் காது உடைந்தது? அந்தக் காதா?

#4 கடலோரி

ஐயோ, ஆமாம். ‘ஆ’வை நீங்கள் சொன்னபடி பிடித்தால் வலக்கைப் பக்கக் காதுதான் போயிருக்கிறது. அது வலது ஓடுதானா என்றே இப்போது தெரியவில்லை.

‘அ’வில் வெட்டு இல்லை, இரண்டு காதும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி. அப்படியானால் இடது. ‘இ’யில் வெட்டு இருக்கிறது, ஆனால் ஆழமாக இல்லை. சுண்டுவிரல் நகத்தால் அழுத்தின மாதிரி ஒரு சின்னப் பள்ளம்.

#5 நுண்வரி

ஓட்டாண்டி சொன்னதோடு சேர்த்து. இந்தப் பேரினத்தை எடுத்துக்கொண்டால், மயோசீன் என்ற புவிக்காலத்தின் நடுவில் கல்வெர்ட் படிவிலிருந்து (படிவு என்றால் ஒரு காலத்தில் படிந்த மண்ணடுக்கு) தொடங்கி சாப்டாங்க், செயின்ட் மேரீஸ், ஈஸ்டோவர் என்று மேலேறி அடுத்த புவிக்காலமான பிளியோசீனில் யார்க்டவுன் படிவு வரைக்கும் ஒரு நீண்ட தொடர் கிடைக்கிறது. ஒவ்வொரு படிவிலும் ஒவ்வொரு இனம்: காக்சிமெலஸ், நெஃப்ரென்ஸ், சாண்டாமரியா, மிடில்செக்சென்சிஸ், அப்புறம் ஜெஃபர்சோனியஸ், மாடிசோனியஸ். கீழிருந்து மேலே வர வர அந்த நூல்வாசல் ஆழம் குறைந்துகொண்டே வருகிறது, காதுகள் ஒன்றுக்கொன்று சமமாகிக்கொண்டே வருகின்றன. நூலால் கட்டிக்கொண்டு வாழ்ந்த பரம்பரை மெல்ல மெல்லக் கட்டை அவிழ்த்துக்கொண்டு கடல்தரையில் சும்மா கிடக்கப் பழகிவிட்டது என்றுதான் இதைப் பொதுவாகப் படிக்கிறார்கள்.

எனவே ‘இ’யின் வெட்டு ஆழமில்லை என்றால் அது தொடரின் பிந்தைய பகுதியைச் சேர்ந்தது என்பதற்கு ஒரு நல்ல குறி. ஆனால் “ஆழமில்லை” என்று எழுதினால் போதாது. காதின் நுனியிலிருந்து வெட்டின் அடி வரை எத்தனை மி.மீ., காதின் மொத்த நீளம் எத்தனை மி.மீ., இரண்டையும் எழுதுங்கள்.

இன்னொன்று. நீங்கள் நின்ற கரை மாதிரியான இடங்களில் ஈஸ்டோவர் அடியிலும் யார்க்டவுன் அதன் மேலும் ஒரே சுவரில் தெரிவதுண்டு. கரையில் கிடந்த சிப்பி இரண்டில் எதிலிருந்து வேண்டுமானாலும் விழுந்திருக்கலாம்.

#6 சும்மாவந்தவன்

சரி, தப்பாகப் பேசிவிட்டேன். ஆனாலும் ஒரு சந்தேகம். முகடு எண்ணிக்கை இவ்வளவு ஏமாற்றும் என்றால் புத்தகத்தில் எல்லாம் ஏன் அதையே முதலில் போடுகிறார்கள்? இதே பேரினத்தில் இன்னொரு இனமான “செப்டெனாரியஸ்” என்ற பெயரே ஏழு என்ற எண்ணிலிருந்து வந்ததுதானே.

#7 ஓட்டாண்டி

ஏமாற்றும் என்று சொல்லவில்லை. தனியாக நின்றால் பலமில்லை என்கிறேன். செப்டெனாரியஸ் கையில் கிடைத்தால் எண்ணாமலே தெரிந்துவிடும், ஏழோ எட்டோ தடித்த முகடுகள், கைவிரல்களை விரித்து வைத்த மாதிரி. குழப்பம் நடுவில்தான். 11, 12, 13 என்று வரும்போது.

எண்ணுவதிலேயே எத்தனை தொல்லை என்று பாருங்கள். ஓட்டின் நடுவில் முகடுகள் நன்றாக நிற்கும், காதுகளை நோக்கிப் போகப் போகச் சப்பையாகி ஓரத்தில் ஒன்றிரண்டு இருக்கிறதா இல்லையா என்றே தெரியாமல் போகும். அதையும் சேர்த்து எண்ணுபவர் 14 என்பார், சேர்க்காதவர் 12 என்பார், இருவரும் ஒரே சிப்பியைத்தான் பார்க்கிறார்கள். அப்புறம் இடது ஓட்டின் முகடு வலது ஓட்டின் பள்ளத்தில் போய் உட்காருகிற அமைப்பு இது, மூடும்போது விளிம்பு பல்லும் பல்லும் மாதிரிப் பொருந்தவேண்டுமே. அதனால் ஒரே விலங்கின் இரண்டு ஓட்டிலும் எண்ணிக்கை ஒன்று கூடக் குறைய வருவது சாதாரணம்.

கடலோரி, உங்கள் 14இல் ஓரத்தில் நிற்பவை எத்தனை?

#8 கடலோரி

மறுபடி எண்ணினேன். தெளிவாகப் பன்னிரண்டு. ஒரு ஓரத்தில் மங்கலாக ஒன்று, இன்னொரு ஓரத்தில் இருக்கிற மாதிரியும் இல்லாத மாதிரியும் ஒன்று. முதலில் எண்ணும்போது 14 வரவேண்டும் என்ற ஆசை எனக்குள் இருந்திருக்கும் போல, பெட்டிக்குள் இரண்டு இனம் இருந்தால் நன்றாக இருக்குமே என்று.

‘இ’ அளவு: காதின் மொத்த நீளம் 21 மி.மீ., வெட்டின் ஆழம் 3 மி.மீ.க்குச் சற்றுக் குறைவு.

#9 பழையஏடு

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும், பெயர் வந்த கதையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஜெஃபர்சோனியஸின் படம் 1687இலேயே இங்கிலாந்தில் மார்ட்டின் லிஸ்டர் வெளியிட்ட சிப்பிப் படத்தொகுப்பில் இருக்கிறது. வட அமெரிக்காவிலிருந்து கிடைத்த புதைபடிவம் ஒன்று அறிவியல் நூலில் படமாக வந்தது அதுதான் முதல் தடவை என்று சொல்வார்கள். அப்போது அதற்கு இன்றைய முறையில் பெயர் கிடையாது. 1824இல் ஃபிலடெல்ஃபியாவில் இயற்கையியலாளர் தாமஸ் சேய் பெயர் வைத்தார், பெக்டன் ஜெஃபர்சோனியஸ் என்று. கூடவே மாடிசோனியஸ், செப்டெனாரியஸ், கிளின்டோனியஸ். ஜெஃபர்சன், மாடிசன் இருவரும் அப்போது உயிரோடு இருந்தார்கள் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள், முன்னாள் அதிபர்களுக்குச் சிலை வைப்பதற்குப் பதில் சிப்பி.

அப்போது காது வைத்த விசிறிச் சிப்பி என்றாலே பெக்டனில் போட்டுவிடுவார்கள். பிறகு வேறு சில பேரினங்களுக்கு நகர்த்திப் பார்த்தார்கள். 1975இல் ஆய்வாளர்கள் வார்டும் பிளாக்வெல்டரும்தான் இந்தப் பரம்பரையைத் தனியே பிரித்து செசபெக்டன் என்று பேர் கொடுத்தார்கள். அதனால்தான் முழுப்பெயர் எழுதும்போது “சேய், 1824” என்பது அடைப்புக்குறிக்குள் நிற்கிறது. பெயர் வைத்தவர் வைத்த பேரினத்தில் அது இப்போது இல்லை என்பதற்கு அந்த வளைகோடுதான் அடையாளம். நிறைய அட்டைகளில் இந்த அடைப்புக்குறியை அலட்சியமாக விட்டுவிடுகிறார்கள், எனக்கு அதைப் பார்த்தால் கை பரபரக்கும்.

#10 நுண்வரி

‘ஈ’யைப் பற்றி யாரும் பேசவில்லையே. படம் பார்த்தேன். முகடில்லாத தட்டையான வட்டம், ஓடு மெல்லியது, விசிறி போல நுண்ணிய கோடுகள் மட்டும் என்றால் அது செசபெக்டனே இல்லை. பிளாகோபெக்டன் கிளின்டோனியஸ். மேலே சொன்ன அதே 1824 பட்டியலில் வருவது. இன்றைக்கும் வட அட்லாண்டிக்கில் வாழும் பெரிய கடல் ஸ்காலப், பிளாகோபெக்டன் மகெல்லானிகஸ், அதன் உறவுதான். துண்டாக இருந்தாலும் இதை நம்பிக்கையோடு எழுதலாம், அந்தப் படிவில் இதோடு குழம்பக்கூடிய வேறு பெரிய வழவழப்பான ஓடு எனக்கு நினைவில் இல்லை.

முகடு இருபதுக்கு மேல் நெருக்கமாக வந்து, முகடுகளின் மேல் சொரசொரப்பு இல்லாமல் இருந்தால் அப்போது வேறொரு விசிறிச் சிப்பியான கரோலினாபெக்டன் எபோரியஸைச் சந்தேகப்படவேண்டும். உங்களிடம் அது இல்லை.

#11 கடலோரி

சொரசொரப்பு என்றதும் ஒரு கேள்வி. ‘அ’வின் முகடுகள் வழவழவென்று இருக்கின்றன. ‘இ’யின் முகடுகள் மேல் மெல்லிய வரிகள் நீளவாக்கில் ஓடுகின்றன, விரலை வைத்து விளிம்பிலிருந்து மூக்கை நோக்கித் தடவினால் அரம் மாதிரி உரசுகிறது. இது இரண்டும் வேறு வேறு இனம் என்பதற்கு அடையாளமா?

#12 ஓட்டாண்டி

இல்லை, ‘அ’ உருண்டு தேய்ந்த சிப்பி என்பதற்கு அடையாளம். நீங்களே முதல் பதிவில் தேய்ந்திருக்கிறது என்று எழுதிவிட்டு இப்போது மறந்துவிட்டீர்கள்.

செசபெக்டனின் முகடுகள் மேலும் இடைப்பள்ளங்களிலும் அந்த நுண்வரிகள் செதிலோடு இருக்கும். மணலில் ஒரு வருடம் புரண்டால் போயே போய்விடும். ஆனால் எல்லா இடத்திலும் போகாது. காதுக்கு அடியில் ஒதுங்கின மூலை, வளர்ச்சிப்படி ஒன்று கூரை மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் இடத்தின் நிழல், பள்ளத்தின் அடி, இங்கெல்லாம் தப்பிப் பிழைத்திருக்கும். விளக்கைத் தலைக்கு மேல் வைக்காதீர்கள், மேசை மட்டத்துக்கு இறக்கிப் பக்கவாட்டில் அடியுங்கள். மறைந்திருப்பது எழுந்து நிற்கும். ஆய்வகத்தில் அம்மோனியம் குளோரைடை ஆவியாக்கி வெள்ளைப் படலம் பூசிப் படம் எடுப்பார்கள், நிறம் மறைந்து வடிவம் மட்டும் தெரியும். அதை வீட்டில் முயற்சி செய்யவேண்டாம், அந்தப் புகை நல்லதல்ல. பக்கவாட்டு வெளிச்சம் நமக்குப் போதும்.

#13 கடலோரி

சரி, துணிந்து ஒரு விவரணை எழுதிப் பார்த்தேன். ‘இ’க்கு.

“மிக அழகாகப் பாதுகாக்கப்பட்ட பெரிய விசிறிச் சிப்பி. சாம்பல் நிறம். ஒன்பது தடித்த முகடுகள். காதுகள் நேர்த்தியானவை. ஜெஃபர்சோனியஸின் எல்லாப் பண்புகளும் உள்ளன. வளர்ச்சிக் கோடுகள் பதினொன்று, ஆகவே பதினொரு வயது. வயது சுமார் 45 லட்சம் ஆண்டுகள்.”

#14 ஓட்டாண்டி

கோபித்துக்கொள்ள மாட்டீர்கள் என்ற நம்பிக்கையில்.

“அழகாக”, “நேர்த்தியானவை” இரண்டும் சிப்பியைப் பற்றிச் சொல்லவில்லை, உங்களைப் பற்றிச் சொல்கின்றன. “பெரிய” என்பதற்குப் பக்கத்தில் 92 என்று இருக்கவேண்டும், இல்லையென்றால் அந்தச் சொல்லே வேண்டாம். “எல்லாப் பண்புகளும் உள்ளன” என்பதுதான் மோசம். எதை நிரூபிக்கவேண்டுமோ அதையே சாட்சியாக நிறுத்தியிருக்கிறீர்கள். விவரணையில் இனப்பெயர் வரவே கூடாது. நாளைக்கு யாராவது ஜெஃபர்சோனியஸை இரண்டாகப் பிரித்தால், பெயர் போனாலும் உங்கள் விவரணை நிற்கவேண்டும். பழைய ஏடுகளில் பெயர்கள் எல்லாம் மாறிப்போய் விவரணைகள் மட்டும் இன்னும் பயன்படுவது அதனால்தான்.

வளர்ச்சிக் கோட்டை வருடமாக்காதீர்கள். புயல், குளிர், முட்டையிட்டது, நண்டு கடித்தது எல்லாம் கோடு போடும். வயது வேண்டுமென்றால் ஓட்டை வரிசையாகச் சுரண்டி ஆக்சிஜன் ஐசோடோப்பு பார்த்து, வெயிலும் குளிரும் எத்தனை முறை மாறின என்று எண்ணவேண்டும்.

45 லட்சம் எங்கிருந்து வந்தது?

#15 கடலோரி

இணையத்தில் எங்கோ பார்த்தது. ஜெஃபர்சோனியஸ் என்றால் நாலரை மில்லியன் என்று போட்டிருந்தது.

#16 நுண்வரி

அப்படியென்றால் பெயரிலிருந்து வயது, அடுத்தமுறை வயதிலிருந்து பெயர். வட்டம் சுற்றுகிறோம்.

இது இந்தச் சிப்பிகளில் உண்மையிலேயே கவனிக்கவேண்டிய இடம். யார்க்டவுன் படிவின் அடிப்பகுதிக்கு ஜெஃபர்சோனியஸ் அடையாளச் சிப்பி, மேற்பகுதிக்கு மாடிசோனியஸ். அதாவது சிப்பியை வைத்து அடுக்கை அடையாளம் காண்கிறார்கள். சுவரிலிருந்து, எந்த மட்டம் என்று அளந்து எடுத்தவர்களுக்கு இது வேலை செய்யும், ஏனென்றால் அவர்களிடம் அடுக்கும் இருக்கிறது சிப்பியும் இருக்கிறது, ஒன்றை வைத்து மற்றதைச் சோதிக்கலாம். கரையில் பொறுக்கியவரிடம் சிப்பி மட்டும்தான். அதனால் உங்கள் அட்டையில் “பிளியோசீன்” என்று நிறுத்திக்கொண்டாலே அது ஏற்கனவே பெயரை நம்பி எழுதியதுதான்.

ஆனால் நீங்கள் முதல் பதிவில் போகிற போக்கில் ஒன்று சொன்னீர்கள், யாரும் பிடிக்கவில்லை. ‘இ’யின் உள்ளே மண் இறுகியிருக்கிறது, கழுவவில்லை என்று. அந்த மண் எப்படி இருக்கிறது? கரை மணலா, இல்லை வேறா?

#17 கடலோரி

கரை மணல் மாதிரி இல்லை. கரையில் இருந்தது வெளிர்மஞ்சள், உதிரி. இது நீலச் சாம்பல், கத்திமுனைக்கு இறுக்கமாக இருக்கிறது, உடைந்த சிப்பித் துணுக்குகள் நெருக்கமாக அடைந்திருக்கின்றன. ஏன் கேட்கிறீர்கள்? இன்றைக்குத்தான் வினிகரில் ஊறப்போட்டுச் சுத்தம் செய்யலாம் என்று இருந்தேன்.

#18 ஓட்டாண்டி

வினிகரைத் தூர வையுங்கள்!!

இந்தச் சிப்பி நமக்குக் கிடைத்ததே கால்சைட் என்ற சுண்ணாம்புக் கனிமத்தால்தான். விசிறிச் சிப்பியும் ஆளியும் (ஆய்ஸ்டர்) பெரும்பாலும் கால்சைட், மற்றப் பல சிப்பிகள் அதே சுண்ணாம்பின் இன்னொரு வடிவமான அரகோனைட். மண்ணுக்குள் இறங்கும் நீர் இலேசாக அமிலமானால் அரகோனைட் முதலில் கரையும், அந்த மேடுகளின் நீர் ஊறிய பகுதிகளில் ஆளி, விசிறிச் சிப்பி, பார்னக்கிள் (பாறையிலும் ஓட்டிலும் ஒட்டி வாழும் கடலுயிர்) மட்டும் மிஞ்சி மற்றவை வெறும் பள்ளமாக நிற்பது அதனால்தான். லட்சக்கணக்கான வருடம் தப்பியதை நீங்கள் ஒரு கிண்ணம் வினிகரில் முடித்துவிடுவீர்கள். நுண்வரிகள் முதல் அரைமணி நேரத்திலேயே போகும்.

நல்ல தண்ணீர், மென்மையான பல்துலக்கி, பொறுமை. உப்புத்தன்மை உள்ள கரையிலிருந்து எடுத்தது என்றால் நாலைந்து நாள் நல்ல தண்ணீரில் போட்டு மாற்றி மாற்றி ஊறவைக்கலாம், இல்லையென்றால் உப்பு காய்ந்து ஓடு செதில் செதிலாகப் பெயரும். ஆனால் ‘இ’யைத் தண்ணீரில் கூடப் போடாதீர்கள், இன்னும் போடாதீர்கள். நுண்வரி ஏன் கேட்டார் என்பதை அவரே சொல்லட்டும்.

#19 நுண்வரி

அந்த மண்தான் உங்கள் சிப்பியின் முகவரி. கரைக்கு வந்தபிறகு நுழைந்த மணலாக இருந்தால் பயனில்லை, ஆனால் நீங்கள் சொல்வது அப்படி இல்லை. சிப்பி புதைந்தபோது கூடவே நிறைந்த மண். விலங்கு செத்து, ஓடு திறந்து, அந்தக் கடல்தரையில் கிடந்த துணுக்குகள் உள்ளே சேர்ந்து இறுகியது. எந்த அடுக்கிலிருந்து விழுந்தது என்று இப்போது உங்களிடம் இருக்கும் ஒரே சாட்சி அதுதான். மற்ற மூன்றையும் கழுவிவிட்டீர்கள், பரவாயில்லை.

ஒரு தாளைக் கீழே விரித்து, மரக்குச்சியால் சிறிது சிறிதாக எடுங்கள். விழுவது எல்லாவற்றையும் ஒரு டப்பாவில் போட்டு ‘இ உள்மண்’ என்று எழுதுங்கள். பாதியை எடுக்காமல் அப்படியே விட்டுவிடுங்கள். எடுத்ததில் ஒரு கரண்டி அளவு நீரில் கரைத்து மெல்லிய சல்லடையில் வடித்து, பூதக்கண்ணாடியில் பாருங்கள். சின்னச் சின்ன நத்தைகள், குட்டிச் சிப்பிகள், ஃபொராமினிஃபெரா (ஓடுள்ள ஒற்றைச்செல் கடலுயிர்கள்) எல்லாம் இருக்கலாம். அந்தக் கரையின் சுவரில் எந்த மட்டத்து மண் நீலச் சாம்பல், எது மஞ்சள் என்று உங்கள் புகைப்படங்களில் இருந்தால் அதையும் போடுங்கள்.

#20 சும்மாவந்தவன்

நான் சும்மா வந்தேன், இப்போது போக முடியவில்லை. கடலோரி, சீக்கிரம் தோண்டுங்கள்.

#21 கடலோரி

மூன்று நாள் ஆயிற்று, மன்னிக்கவும்.

மண்ணிலிருந்து ஒரு குட்டி விசிறிச் சிப்பி வந்திருக்கிறது! 14 மி.மீ. தான். வலது ஓடு. முகடுகள் பத்து, மூக்கிலிருந்தே தெளிவாகத் தொடங்குகின்றன. ஆனால் இதன் காதுக்கு அடியில் வெட்டு ஆழமோ ஆழம், காதின் நீளத்தில் கிட்டத்தட்ட பாதி உள்ளே போகிறது. வெட்டின் கீழ் விளிம்பில் சீப்புப் பல் மாதிரி நாலைந்து குட்டிப் பற்கள். வெட்டு ஆழமாக இருந்தால் பழைய இனம் என்றீர்களே, அப்படியென்றால் இது ஈஸ்டோவரின் மிடில்செக்சென்சிஸா? ‘இ’யும் ஈஸ்டோவரா?

#22 நுண்வரி

எவ்வளவு நல்ல கேள்வி, எவ்வளவு நல்ல பொறி.

இல்லை. குட்டியைக் குட்டியோடுதான் ஒப்பிடவேண்டும். விசிறிச் சிப்பிகள் சிறுவயதில் நூலால் கட்டிக்கொண்டுதான் வாழ்கின்றன, வளர்ந்தபிறகு கட்டை விட்டுவிடும் இனங்களிலும் அப்படித்தான். அதனால் ஜெஃபர்சோனியஸின் குட்டிக்கும் வெட்டு ஆழமாகவே இருக்கும். அந்தச் சீப்புப் பற்களுக்கு டெனோலியம் என்று பெயர், நூல் இழைகள் ஒன்றோடொன்று சிக்காமல் பிரித்து வைப்பதற்கு. பெரிய ‘இ’யிலேயே வளர்ச்சிக் கோடுகளைப் பின்தொடர்ந்து காதுப்பக்கம் மூக்கை நோக்கிப் போய்ப் பாருங்கள், 14 மி.மீ. அளவில் இருந்தபோது அதன் வெட்டும் எங்கே இருந்தது என்று கோட்டின் வளைவே காட்டும். ஒரு சிப்பி தன் சிறுவயதுப் படங்களையெல்லாம் முதுகிலேயே வைத்துக்கொண்டு திரிகிறது.

இதே விஷயத்தை வைத்து 1980களில் ஆய்வாளர்கள் மியாசாகியும் மிக்கெவிச்சும் இந்தப் பேரினத்தின் பரிணாமத்தையே அலசியிருக்கிறார்கள், எந்த இனம் எந்தப் பண்பை வளர்ச்சியின் எந்தக் கட்டத்தில் காட்டுகிறது என்று. அதனால் உங்கள் குட்டியை வைத்து இனம் சொல்ல நான் துணியமாட்டேன். செசபெக்டன் என்று மட்டும் எழுதுவேன்.

#23 கடலோரி

பார்த்தேன்!! காதின் மேல் வளர்ச்சிக் கோடுகள் மூக்குப் பக்கம் போகப் போக உள்ளே ஆழமாக வளைந்து, வெளியே வர வர நிமிர்ந்துகொண்டே வருகின்றன. இத்தனை நாள் கையில் வைத்துக்கொண்டு இதைப் பார்க்கவே இல்லை.

சுவரின் புகைப்படத்தில், கீழே அலை படும் மட்டத்தில் நீலச் சாம்பல் மண் இருக்கிறது, மேலே மஞ்சள். ஆனால் யார்க்டவுனின் அடிப்பகுதியும் ஈஸ்டோவரின் மேற்பகுதியும் எங்கே பிரிகின்றன என்று படத்தில் என்னால் சொல்ல முடியவில்லை.

#24 ஓட்டாண்டி

நிறம் வேறு ஒரு காரணத்தாலும் மாறும், மேலே காற்றும் நீரும் பட்டு இரும்பு துருவேறி மஞ்சளாகும், கீழே ஈரத்தில் சாம்பலாகவே இருக்கும். ஒரே அடுக்கே இரண்டு நிறத்தில் தெரியலாம். அதனால் நிறத்தை வைத்து அடுக்கு பிரிக்கவேண்டாம். உள்மண் டப்பாவைப் பத்திரமாக வையுங்கள், அந்தப் பகுதி மண்ணைப் பார்த்துப் பழகியவர் யாராவது ஒருநாள் பார்க்கட்டும்.

அதுவரைக்கும் ‘இ’: முதிர்ந்த வலது ஓடு, வெட்டு ஆழமில்லை, காதுகள் ஏறக்குறைய சமம், முகடு ஒன்பது, உச்சி தட்டையான அகன்ற முகடு, செதிலோடு நுண்வரி. நான் ஜெஃபர்சோனியஸ் என்றே எழுதுவேன். ‘அ’ இடது ஓடு, தேய்ந்தது, அதற்கு ‘ஒப்பிடத்தக்கது’ என்ற அர்த்தத்தில் நடுவில் ஒரு சி.எஃப். ‘ஆ’வுக்கு அதுவும் கூடாது, பேரினத்தோடு நிறுத்துங்கள்.

#25 பழையஏடு

‘ஆ’வின் உள்பக்கம் பார்னக்கிள் ஒட்டியிருக்கிறதே படத்தில், அதையும் எழுதுங்கள். உள்ளே ஒட்டியதென்றால் விலங்கு செத்து ஓடு திறந்தபிறகுதானே ஏறியிருக்க முடியும். அப்போதைய பார்னக்கிளா, கரைக்கு வந்தபின் ஒட்டியதா என்பது வேறு கேள்வி. நிறமும் தேய்மானமும் சிப்பியோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

#26 கடலோரி

பார்னக்கிளும் அதே சாம்பல், அதே தேய்மானம். எழுதிவிட்டேன். அட்டைகள் இப்படி வந்திருக்கின்றன, தப்பிருந்தால் சொல்லுங்கள்.

அ: செசபெக்டன் சி.எஃப். ஜெஃபர்சோனியஸ் (சேய், 1824). இடது ஓடு, உயரம் 118 மி.மீ., முகடு 10, நுண்வரி முன்காதின் அடியில் மட்டும் எஞ்சியுள்ளது. கரையில் உதிரியாக எடுத்தது.

ஆ: செசபெக்டன், இனம் தெரியவில்லை. தெளிவான முகடு 12, ஓரத்தில் ஐயத்துக்குரியவை 2. ஒரு காது இல்லை. உட்புறம் பார்னக்கிள். உதிரி.

இ: செசபெக்டன் ஜெஃபர்சோனியஸ் (சேய், 1824). வலது ஓடு, உயரம் 92 மி.மீ., முகடு 9, முன்காது 21 மி.மீ., வெட்டு 3 மி.மீ.க்குச் சற்றுக் குறைவு. உதிரி. உள்மண் பாதி ஓட்டிலேயே உள்ளது, மீதி டப்பா 1.

இ-1: செசபெக்டன், குட்டி, 14 மி.மீ., வலது ஓடு, டெனோலியம் உண்டு. ‘இ’யின் உள்மண்ணிலிருந்து.

ஈ: பிளாகோபெக்டன் கிளின்டோனியஸ் (சேய், 1824). துண்டு. உதிரி.

#27 பழையஏடு

அடைப்புக்குறி இருக்கிறது. நன்றி.

#28 சும்மாவந்தவன்

என்னிடமும் அலமாரியில் ஒரு விசிறிச் சிப்பி இருக்கிறது, பத்து வருடமாக. இப்போதுதான் மூக்கை மேலே வைத்துப் பிடித்தேன். வலக்கைப் பக்கம் வெட்டு. புது இழை தொடங்கவா, இங்கேயே போடவா?